கோதுமைக்குள் நின்ற டாங்கி

சார்ஜெண்ட் மொர்வானின் மனைவி யார் என்று கேட்டதும், டாங்கித் தொழிற்சாலை வாசல்காரர் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் காட்டினார். ஆளை மாற்றிச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். மொர்வான் தன் மனைவியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவள் தகடுகளுக்கு ஆணி அடிக்கும் பகுதியில் இருப்பதாகத்தான் சொல்வார். அவளைப் போல நேராக ஆணி அடிக்க ஆண்களில்கூட ஆள் கிடையாது என்று பெருமைப்படுவார்.

வாசல்காரர் சொன்னார். அவள் பெயர் ஒதில்; வசந்தத்தில் அவளை இன்ஜின் பகுதிக்கு மாற்றினார்களாம். இன்ஜினைக் குளிரவைக்கும் விசிறிக்கு வார் மாட்டும் வேலை. ஜூலை கடைசியில் புருஷன் செத்த கடிதம் வந்தது. வார் அறுந்து டாங்கி நின்றதால்தான் செத்தார் என்று அதில் எழுதியிருந்தது. மறுநாள் மேற்பார்வையாளரிடம் போய், இனிமேல் நான் இன்ஜினைத் தொடமாட்டேன், துடைப்பத்தைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

அந்தக் கடிதத்தில் இருந்தது நான் சொன்ன பொய்.

நான் மொர்வானின் டிரைவர். எங்கள் பிரெஞ்சு டாங்கி சின்னது, இரண்டே பேர்தான். முன்னால் தரையோடு தரையாக நான் உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பின்னால், நாலா பக்கமும் சுழலும் கோபுரத்துக்குள் துப்பாக்கியோடு அவர் நிற்பார். முதலில் வந்த பெரிய டாங்கிகள் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு எருமை மாதிரி கிடக்கும். அவற்றைப் பார்த்துச் சிரித்த காலாட்படைக்காரர்கள் எங்களைப் பார்த்தும் சிரித்தார்கள், பொம்மை வண்டி என்று. அந்தப் பொம்மை காட்டுக்குள் புகுந்து, பதுங்கு குழிகளைத் தாண்டி அவர்களுக்கு முன்னால் போனபோது சிரிப்பு நின்றது.

உள்ளே இன்ஜின் இரைச்சலில் ஒரு சொல் கேட்காது. அதனால் காலால்தான் பேச்சு. முதுகில் உதைத்தால் போ. தோளில் உதைத்தால் அந்தப் பக்கம் திரும்பு. தலையில் வைத்தால் நில். மற்ற சார்ஜெண்டுகள் கழுதையை உதைப்பதுபோல உதைப்பார்கள். மொர்வான் போருக்கு முன் நாந்த் நகரத்து டிராமில் கண்டக்டராக இருந்தவர். பயணியின் தோளைத் தொட்டு இறங்கச் சொல்வதுபோல மெதுவாகக் காலை வைப்பார். வெளியே வந்ததும், "வலிச்சுதாடா, பஸ்தியான்?" என்று கேட்பார். ஒருநாள்கூடக் கேட்காமல் விட்டதில்லை.

ஜூலையில் அந்தத் தாக்குதல் நடந்தபோது கோதுமை அறுவடைக்கு நின்றது. என் கண்ணுக்கு நேரே இருந்த இடுக்கில் கதிர்களைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. திடீரென்று தலையில் அவர் கால் பட்டது. நிறுத்தினேன். திறந்த வயலில் டாங்கியை நிறுத்தக்கூடாது, நின்றால் செத்தோம் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முதுகில் உதை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முன்கதவைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். பத்தடி தள்ளி ஒரு ஜெர்மன் சிப்பாய் குப்புறக் கிடந்தான். கால் இரண்டும் ரத்தம். முழங்கையை ஊன்றி எங்கள் வழியிலிருந்து விலக முயன்றுகொண்டிருந்தான். டாங்கியை இடப்பக்கம் திருப்பலாம் என்றால் அங்கே குண்டு விழுந்த பெரும்பள்ளம். வலப்பக்கமும் அப்படியே.

மொர்வான் குனிந்து என் காதுக்குள் கத்தினார். "நகரட்டும்டா. பொறு."

ஒரு நிமிடம் இருக்கும். அவன் இரண்டு முழம்கூட நகரவில்லை. அதற்குள் கோபுரத்தில் குண்டு விழுந்தது. இன்ஜின் தீப்பிடித்தது. என்னை யார் வெளியே இழுத்தார்கள் என்று தெரியாது.

டாங்கி ஏன் நின்றது என்று கேப்டன் கேட்டார். எதிரிக்காக நிறுத்தினார் என்று எழுதிவிட்டால் மொர்வானுக்குக் கிடைக்கவேண்டிய பதக்கம் போகும். பெயரும் போகும். வார் அறுந்துவிட்டது என்றேன். எத்தனையோ டாங்கிகளில் அறுந்திருக்கிறது, கேப்டன் நம்பினார். இன்ஜினில் பார்க்க மிச்சமில்லாமல் எல்லாம் எரிந்திருந்தது. வாரைச் சரியாகக் கவனிக்காதவன் என்று என்னைப் பட்டறைக்கு மாற்றினார்கள். அதைச் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டேன். பொய்யின் விலையை நானே கொடுத்துவிட்டதாக நினைத்திருந்தேன். செப்டம்பரில், எரிந்த எங்கள் டாங்கியின் உடலை ரயிலில் கொண்டுபோய்த் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டு வா என்று அனுப்பினார்கள்.

ஒதில் நான் சொன்னது முழுவதையும் துடைப்பத்தைப் பிடித்தபடியே கேட்டாள். ரயிலின் திறந்த சரக்குப் பெட்டியில் நின்ற கோபுரமில்லாத டாங்கியை ஒருமுறை பார்த்தாள்.

"அப்போ வார் அறுகலையா?"

"இல்ல மேடம். கடைசிவரைக்கும் விசிறி ஓடிச்சு."

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "ராத்திரி பூரா ஒவ்வொரு வாரா நெனைச்சுப் பார்ப்பேன் தம்பி. எதை லூசா மாட்டுனேன், எப்போ பேசிக்கிட்டே மாட்டுனேன்னு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"அந்த ஜெர்மன் பையன் பொழச்சானா?"

"தெரியாது மேடம்."

அவள் முகம் இறுகியது. "யாரோ ஒருத்தன். அவனுக்கு ஒரு நிமிஷம் குடுத்தாரு. தனக்குன்னு இங்க ஒருத்தி இருக்கான்னு அந்த ஒரு நிமிஷத்துல தோணலையா அவருக்கு?"

தோன்றியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். இன்னொரு பொய்யாகிவிடுமோ என்று பயந்து நிறுத்திக்கொண்டேன்.

கேப்டனிடம் போய் உண்மையைச் சொல்லிவிடவா என்று கேட்டேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு சரக்குப் பெட்டியில் ஏறினாள். கருகிய தகட்டை உள்ளங்கையால் தடவினாள்.

"எந்த எடம்? காட்டு."

பெட்டிகளுக்கு எண் போடும் சுண்ணாம்புக் கட்டி என் பையில் இருந்தது. தகட்டின் மேல் காட்டின் ஓரத்தை வரைந்தேன். வயலை, இரண்டு பள்ளங்களை, டாங்கி நின்ற இடத்தை வரைந்தேன். அவன் கிடந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டேன். இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தை அவள் விரலை வைத்து அளந்தாள்.

சங்கு ஊதியது. பெண்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே போனார்கள். ஒருத்தி ஒதிலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தூறல் விழ ஆரம்பித்து, தகட்டில் வரைந்த காட்டின் ஓரம் முதலில் கரைந்தது. ஒதில் உடைக்கு மேல் இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியை அவிழ்த்து, இரண்டு கைகளாலும் விரித்து அந்த வயலுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள்.