வக்கீல் அண்ணியின் குறுக்கு விசாரணை

அவள் படிக்க உட்கார்ந்தால் வீடே மூச்சுவிடாது. கணவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நடப்பான். மகள் டிவியில் படத்தை மட்டும் ஓடவிட்டு, சிரிப்பு வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். ஆனால் பெரிய தியாகம் நாத்தனாருடையதுதான். கணவனுக்கு அக்கா. யார் எதைச் சொன்னாலும் “அதெப்படி?” என்று கொக்கி போடாமல் விடமாட்டார். அதனால் வீட்டில் அவருக்கு ‘வக்கீல்’ என்று பட்டம். குழாய் ரிப்பேருக்கு வந்த ஆள் வாஷர் போய்விட்டது என்று சொல்லிவிட்டு, அதை நிரூபிக்க முடியாமல் வேர்த்துக் கொட்டியதைத் தெருவே பார்த்திருக்கிறது. அப்பேர்ப்பட்டவர், தம்பி பெண்டாட்டி படிக்கிறாள் என்பதற்காக வாயைக் கட்டிக்கொண்டு மாடி அறையில் மாதக்கணக்காகக் கிடந்தார்.

இவ்வளவு செய்தும் அவள் பரீட்சையில் கோட்டை விட்டாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவும் பிரிவு. கழுவுவதோடு சரி, அடுத்த அறையில் கருவிகளின் கிருமியைக் கொல்லும் பெரிய ஆவி மெஷினைத் தொட வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும். அதற்குத்தான் இந்த வயதில் இந்த ஆன்லைன் படிப்பு. இன்னும் ஒரே ஒரு முறை எழுதலாம். அதிலும் போனால் ஓய்வு பெறும்வரை சோப்புத் தண்ணீரில்தான் கை.

மறுபரீட்சைக்கு முன்னால், தவறியவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார் திரையில் வரும் டீச்சர். ‘எனக்கு எப்படிப் படித்தால் மண்டையில் ஏறுகிறது?’ இதுதான் தலைப்பு. ‘அமைதியான அறையில், தனியாக, ஹெட்போன் மாட்டிக்கொண்டு’ என்று எழுதினாள். எழுதியதும் அவளுக்கே சிரிப்பு வந்தது. அப்படித்தானே படித்துத் தோற்றோம்? உண்மையில் அந்த அமைதியில் பாடம் எங்கே கேட்டது? ‘இத்தனை பேர் உனக்காகக் கஷ்டப்படுகிறார்கள், தோற்றுவிடாதே’ என்ற பயம்தான் கேட்டது. எழுதியதை அழித்துவிட்டு வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஹெட்போன் மண்டையைப் போட்டது. வேறு வழியில்லாமல், கூடத்தில் துணி மடித்துக்கொண்டே போனில் சத்தமாகப் பாடத்தை ஓடவிட்டாள். தண்ணீர் குடிக்க வக்கீல் கீழே இறங்கி வந்த நேரம்.

“ஆவி மெஷினிலிருந்து எடுக்கும், துணி சுற்றிய கருவிப் பொட்டலம் ஈரமாக இருந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது” என்றது போன்.

வக்கீலின் கை டம்ளரோடு நின்றது.

“அதெப்படி?”

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“பரவாயில்ல, சொல்லுங்கண்ணி.”

“இல்லம்மா... ஆவியில அவ்வளவு நேரம் வெந்திருக்கு. கிருமி எல்லாம் செத்தாச்சு. கொஞ்சம் ஈரமா இருந்தா என்ன கெட்டுப்போச்சு?”

“வெளியில இருக்கிற கிருமி உள்ள வந்துரும்.”

“அதெப்படி? சுத்திலும்தான் துணி கட்டியிருக்கே?”

“துணி நனைஞ்சிருக்கே அண்ணி! மேசையில தண்ணி சிந்தினா துணி எப்படி உறிஞ்சுது? அதே மாதிரி வெளி அழுக்கையும் உள்ள இழுத்துரும். காஞ்ச துணிதான் காவல்.”

“அப்ப அதையே திரும்ப மெஷின்ல வெச்சுட்டா போச்சு!”

“அப்படியே வைக்கக் கூடாது. பிரிச்சு, புதுசா கட்டி, முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

சொல்லிவிட்டு அவளே திகைத்தாள். இது தனக்குத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. ஆவேசத்தில் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுக் கணவன் ஓடிவந்தான்.

“அக்கா, மெதுவா! அவ படிக்கணும்!”

“நான் இப்பத்தாங்க படிக்கிறேன்” என்றாள் அவள்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் கூடத்தில் கோர்ட் கூடியது. அவள் பாடம் சொல்ல, வக்கீல் குடைய, கணவன் செருப்பைக் காலிலேயே போட்டுக்கொண்டு நடந்தான். டிவிக்கும் வாய் திறந்தது. சில நாள் விவாதம் முற்றி இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் உண்டு. ஆனால் சண்டை போட்ட பாடம் எதுவும் மறக்கவில்லை. டீச்சர் கேட்ட பக்கத்தையும் ஒரே மூச்சில் எழுதி அனுப்பினாள்.

பரீட்சையை மட்டும் கேமரா முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகத்தான் எழுத வேண்டியிருந்தது. பழைய அமைதி, பழைய பயம். முதல் கேள்வியைப் படித்தாள், ஒன்றும் ஓடவில்லை. கண்ணை மூடினாள். ‘அதெப்படி?’ என்று மனசுக்குள் அண்ணி கேட்டார். விடை வந்து நின்றது. பிறகு கடைசிக் கேள்விவரை அண்ணி விடவில்லை.

தேர்ச்சி என்று திரையில் வந்ததும், டீச்சருக்கு எழுதிய பக்கத்தை எல்லோரையும் உட்காரவைத்து வாசித்தாள். ‘எனக்கு என் நாத்தனாரோடு வாதாடினால்தான் மண்டையில் ஏறுகிறது. இப்படி ஒரு வக்கீல் வீட்டிலேயே கிடைத்தது என் அதிர்ஷ்டம்’ என்று முடித்திருந்தாள்.

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப அத்தனை மாசம் நான் வாய மூடிக்கிட்டு இருந்தது வீணா?”

அவள் அருகில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வீணா? பேசினதுக்கு நன்றிய எழுதிட்டேன் அண்ணி. பேசாம இருந்தீங்களே, அதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னுதான் தெரியல. உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாதா?”

வக்கீல் வாயைத் திறந்தார். எல்லோரும் ‘அதெப்படி?’க்குக் காத்திருந்தார்கள். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி” என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அந்த வீடு கேட்டது அதுதான் முதல் தடவை.