பச்சைக் காருக்கு ஒரு ஜோடி வில்லுப்பட்டை

விளையாட்டுக் கார் என்று அதற்குப் பெயர் வைத்த மகராசன் இராமநாதபுரம் ஜில்லாவின் ரோட்டைக் கண்ணால் கண்டிருக்க மாட்டான். உட்கார இரண்டே பேருக்கு இடம். மேலே தகரக் கூரை கிடையாது, மடக்குகிற கித்தான்தான். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். சக்கரம் ஒரு புளியங்கொட்டையின் மேல் ஏறினாலும் உட்கார்ந்திருப்பவனின் இடுப்பில் தெரியும். இப்படியொரு வண்டியைக் காசு கொடுத்து வாங்க ஒருத்தனுக்குக் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும். கீழக்கரை ஹமீது சுல்தானுக்கு அந்தக் கிறுக்கு நன்றாகவே பிடித்திருந்தது.

கொழும்பை விட்டுச் சீமைக்குக் கப்பலேறிய தோட்டத்துத் துரை ஒருவனிடம் அந்தப் பச்சைக் காரை வாங்கி, தங்கள் தோணியிலேயே ஏற்றித் தூத்துக்குடியில் இறக்கி, அங்கிருந்து தானே ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். கீழக்கரைக்கும் பெரியபட்டினத்தில் இருந்த அவருடைய, சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கிக்கும் நடுவே தினமும் அது புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறக்கும். பக்கத்தில் மைத்துனன் சலாஹுதீன் தொப்பியைக் கையால் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஹமீதின் மனைவி காலிதாவுக்கு உடன்பிறந்த தம்பி அவன். மச்சானைப் போல ஒரு மனுசன் உலகத்தில் உண்டா என்று திரிந்தவன். அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

ஐம்பத்தேழாம் வருஷம், கரைக்கு வந்த தோணியில் சங்கு மூட்டைகளைப் பார்வையிடப் போன ஹமீது, பலகை மூடாமல் கிடந்த இடத்தில் கால் வைத்து அடித்தட்டில் மல்லாக்க விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டார். மதுரையில் மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் கிடத்தி வைத்தார்கள். கட்டைப் பிரித்து அனுப்பும்போது டாக்டர், "மெள்ள மெள்ள உட்காரப் பழகட்டும், பார்ப்போம்" என்றார். அந்தப் 'பார்ப்போம்' வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை. ரயிலில் படுக்கவைத்து, பிறகு மாட்டுவண்டியில் மெத்தை போட்டு, காலிதாவின் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

அங்கேதான் பிடித்தது சனியன். அந்தத் தெருவில் வீடு என்றால் அது பெண்ணுக்குக் கொடுத்த வீடு. மாப்பிள்ளை இராத்திரி வருவார். விடியற்காலை சுபுஹு தொழுகைக்குப் புறப்பட்டாரென்றால் பகல் முழுக்கத் தன் தொழிலைப் பார்த்துக்கொண்டு வெளியே இருப்பார். பகலில் அந்த வீடுகள் முழுக்க முழுக்கப் பெண்களுடையவை. இப்போது ஒரு மாப்பிள்ளை நடு அறையில் நாள் பூராவும் மல்லாந்து கிடந்தால் என்ன ஆவது? காலிதாவின் தங்கைகள் பின்கட்டிலேயே முடங்கினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துபோவதை நிறுத்தினார்கள். வீட்டில் சிரிப்புச் சத்தமே நின்றுபோயிற்று. ஒருவரும் முகம் சுளித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால்கூடத் தேவலை. வெளியே காலடி கேட்டாலே ஹமீது கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குகிறவரைப் போலக் கிடப்பார்.

"கிட்டங்கிக்குப் போயிரணும் சலாஹு" என்றார் ஒருநாள். "காலையில போயி ராத்திரி திரும்பிட்டாப் போதும். அங்கன போயிப் படுத்துக் கெடந்தாலும் என் எடத்துல கெடக்குறேன்னு இருக்கும்."

"மாட்டுவண்டியில மெத்தை போட்டு..."

"மய்யித்தைக் கொண்டுபோற மாதிரியா? ஊரு பூரா வேடிக்கை பார்க்கும். உக்காந்துதான் போவேன்."

"அப்ப ராம்நாட்டுல இருந்து வாடகைக்கு ஒரு பிளசர் காரு வரச் சொல்றேன் மச்சான். மெத்துமெத்துன்னு இருக்கும்."

"வேணாம். ஏறினா என் வண்டியிலதான் ஏறுவேன்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பணக்கார வீம்பு, வேறென்ன என்று சலாஹுதீன் மனசுக்குள் நொந்துகொண்டான்.

நாலு பேராகத் தூக்கி அந்தப் பச்சைக் காரில் உட்காரவைத்தார்கள். தெருமுனைப் பள்ளிவாசலைக்கூடத் தாண்டவில்லை. "திருப்பு! திருப்புடா!" என்று அலறினார். படுக்கையில் போட்ட பிறகு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "வண்டிதான் குத்துது" என்றார்.

அப்பாடா! அந்த ஒரு வார்த்தைதான் வீட்டுக்கே உயிர் கொடுத்தது. வண்டிதானே? வண்டியைச் சரிபண்ணிவிடலாமே! காலிதா தம்பியைக் கதவோரம் கூப்பிட்டாள். "எந்தச் சாமான் வேணுமோ வாங்கு. எங்க வேணுமோ போ. அவுக உக்காந்து போற மாதிரி ஆக்கிக் குடு, போதும். நான் தொழுகையில கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

இராமநாதபுரத்தில் பட்டறை வைத்திருந்த மூக்கையா வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டுத் தலையில் துருவோடு வெளியே வந்தார். முன்னும் பின்னும் அச்சைத் தாங்கிக்கொண்டிருந்த வில்லுப்பட்டைகள் உப்புக்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இரும்பாகிவிட்டன என்றார். "இதுல வளையிறதுக்கு என்ன இருக்கு? கட்டையில உக்காந்து போறதும் இதுல போறதும் ஒண்ணுதான்."

"என்ன பண்ணலாம்ணே?"

"ஜீப்புப் பட்டை போடலாம், செத்தாலும் ஒடியாது, ஆனா கட்டையா இருக்கும், உன் மச்சானுக்கு ஆகாது. கொழும்புல இருந்து இதுக்குன்னே உள்ள பட்டைய வரவழைக்கலாம், எப்ப வருமோ. இல்லாட்டி ஒடைச்ச பிளசர் காரோட பட்டை இங்கன கெடக்கு. நீளத்தை வெட்டி, ரெண்டு பட்டைய உருவிட்டு மாட்டுனா தூளி மாதிரி போகும். ஆனா பள்ளத்துல விழுந்தா அச்சு வந்து சட்டத்துல இடிக்கும். பாத்துக்க."

சலாஹுதீனுக்கா பொறுமை? பிளசர் பட்டையே போதும் என்றான். மாட்டி ஓட்டிப் பார்த்தால் வண்டி மெத்தென்றுதான் போனது, ஆனால் பின்பக்கம் கன்றுக்குட்டியாகத் துள்ளியது. உடனே சலாஹுதீன் ஐயாவுக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. மூன்று தலைமுறையாகத் தோணிக்காரர்கள் ஆயிற்றே! சரக்கில்லாத தோணி கடலில் தத்தளிக்கும், அடித்தட்டில் மணல் மூட்டையைப் போட்டால் அடங்கிவிடும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தோணிக்கு ஆகிறது காருக்கு ஆகாதா? சீட்டுக்குப் பின்னால் கடற்கரை மணலைச் சாக்கு சாக்காகக் கட்டி அடுக்கினான். மூக்கையாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் செருப்பால் அடித்திருப்பார். கேட்கவில்லை. ஏனென்றால் மணல் ஏறியதும் வண்டி அப்படியொரு அமைதியாகப் போனது. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு.

பிஸ்மி சொல்லி மச்சானை ஏற்றினான். பள்ளிவாசலைத் தாண்டினார்கள். ஊரைத் தாண்டினார்கள். ஹமீது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு சின்னப் பாலம். அதில் ஏறி இறங்கியதுதான் தாமதம், மணல் பாரத்தில் ஏற்கெனவே தாழ்ந்து கிடந்த பட்டை அவ்வளவும் மடங்கி, அச்சு வந்து சட்டத்தில் சம்மட்டி அடியாக இடித்தது. ஒரு பட்டை முறிந்தே போயிற்று. ஹமீது கத்தக்கூட இல்லை. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை.

அந்த ரமலான் முழுக்க அவர் எழுந்து உட்காரவேயில்லை. சலாஹுதீன் தன் தலையில் தானே அடித்துக்கொண்டு அழுதான். "மணலை அடைச்சேனே, மடப்பய, மடப்பய!" என்று புலம்பினான். காலிதா அவனைத் திட்டவில்லை. "விடு தம்பி. மணலுதானே? பட்டைதானே? இனி நல்ல பட்டையா வாங்கு" என்றாள். குற்றவாளி கையில் இருக்கிறபோது மனசு உடைந்துவிடுவதில்லை.

கொழும்புக்குப் போகிற தோணியை நடத்தும் தண்டல் அலியாரிடம் சொல்லிவிட்டான். அந்த வண்டிக்கென்றே செய்த புதுப் பட்டைகளும், துள்ளலை அடக்குகிற எண்ணெய்ச் சாமான்களும் கிரீஸ் பூசிய காகிதத்தில் சுற்றி ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் வந்து சேர்ந்தன. மூக்கையா அவற்றைத் தடவித் தடவிப் பார்த்தார். இரண்டு நாள் வேறு வேலையைத் தொடவில்லை மனுசன். சக்கரத்துக் காற்றைக்கூடத் தணித்து வைத்தார். பிறகு ஒரு சொம்பில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி மச்சான் உட்காருகிற சீட்டில் வைத்து, சலாஹுதீனை அந்தப் பாலம்வரை ஓட்டிப் போய்வரச் சொன்னார். சீட்டு நனையவில்லை. "இதுக்கு மேல எவனாலயும் ஆகாது தம்பி" என்றார் மூக்கையா, பெருமை தாங்காமல்.

காலிதா புதுச் சட்டையும் இடுப்பில் கட்ட வெள்ளைச் சாரமும் எடுத்து வைத்தாள். கிட்டங்கிக்குப் போகிற மாப்பிள்ளைக்குப் பகல் சாப்பாட்டை அடுக்குப் பாத்திரத்தில் கட்டினாள். பின்கட்டில் யாரோ மெல்லச் சிரித்த சத்தம் கேட்டது. எவ்வளவு நாளைக்கப்புறம்!

வண்டி எண்ணெயில் வழுக்கியது போலப் போனது. பாலம் வந்ததும் சலாஹுதீன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஏறினது தெரியவில்லை, இறங்கினது தெரியவில்லை. "யா அல்லாஹ்!" என்று கத்தியே விட்டான். "பாத்தீகளா மச்சான்? பாத்தீகளா?" என்று சிரித்துக்கொண்டே திரும்பினான்.

ஹமீது தோள் துண்டின் முனையை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தார். முகம் சாம்பலாக இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

பனங்காட்டு ஓரமாக வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தான்.

"எங்கயும் இடிக்கலையே மச்சான்!"

அவர் துண்டை எடுத்தார். "இடிக்கல. துரை வச்சிருந்தப்பக்கூட இம்புட்டு நல்லாப் போயிருக்காது."

"பின்ன?"

"பின்ன என்ன? இப்ப வண்டி நிக்குதுல்ல? நிக்கிற வண்டியிலயும் வலிக்குது. கட்டில்ல உக்காந்தாலும் இதே வலிதான். உக்காந்து பாத்த முத நாளே தெரியும்டா எனக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "வாடகைக் காரு வேணாம்னு ஏன் சொன்னேன்னு நெனைச்சே? அதுல ஏறியும் வலிச்சா அப்புறம் எதைக் குத்தம் சொல்றது?"

வண்டியில் ஒரு திருகாணி தளர்ந்திருக்கக் கூடாதா, ஒரு பட்டை ஒடிந்திருக்கக் கூடாதா என்று சலாஹுதீனின் மனசு கிடந்து தவித்தது. ஒன்றுமில்லை. எல்லாம் அவ்வளவு சரியாக இருந்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"அழாதே. உன் அக்காகிட்ட, ராத்தாகிட்டப் பட்டை சரியில்லைன்னு சொல்லு."

"மச்சான்..."

"சொல்லுடா. அவ இன்னும் நம்பிக்கிட்டு இருக்கா. அதையும் நான் புடுங்கணுமா?"

மெதுவாகத் திரும்பினார்கள். தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்கவைத்த பிறகு, கதவுக்குப் பின்னால் நின்ற காலிதாவின் முகத்தைப் பார்க்காமல் சலாஹுதீன் சொன்னான்: "பட்டை சரியில்லை ராத்தா. வேற வரவழைக்கணும்."

"நாசமாப் போற பட்டை!" என்று நெட்டி முறித்துச் சபித்தாள். அடுத்த மூச்சில் குரல் தெளிந்துவிட்டது. "அப்ப, வேற வந்துட்டாச் சரியாயிரும்ல?"

"சரியாயிரும் ராத்தா."

மறுநாள் பட்டறையில் மூக்கையா எகிறினார். "நல்லாப் போற பட்டையக் கழட்டச் சொல்றியே, உனக்கு என்ன மூளை கெட்டுப்போச்சா? என் ஆயுசுல இப்படி ஒரு வேலை செஞ்சதில்லடா!" சலாஹுதீன் "கழட்டிருங்கண்ணே" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்த மூக்கையா பிறகு வண்டிக்கு அடியில் புகுந்தார்.

லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய, பட்டையில்லாத அந்தக் கார் கிட்டங்கிக் கொட்டகையில் கல்லுக்கட்டின் மேல் நின்றது. சாயங்காலம் சலாஹுதீன் வந்தால் காலிதா கதவோரம் நின்று, "பட்டை வந்துருச்சா தம்பி?" என்பாள். "தோணி இன்னும் கெளம்பலையாம் ராத்தா" என்பான் அவன். உடனே அறைக்குள்ளிருந்து ஹமீது, வீடு முழுக்கக் கேட்கும்படி, "அந்தக் கொழும்புக் கடைக்காரனுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா பாரு!" என்று ஏசுவார்.

"கோவப்படாதீக" என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்து காலிதா அவரைத் தேற்றுவாள். "இம்புட்டு நாள் பொறுத்தாச்சு. வந்துரும்."