இரவல் போன நாக்கு

என்னை ஏமாற்றியவர் டாக்டர் நெல்சன் பொன்ராஜ். பூச்சி கடித்து ஆடுமாடுகளுக்கு வருகிற வைரஸ் நோய்களை ஆராய்கிறவர். ஆராய்ச்சிக்கென்று என் கிடாவின் நாக்கை இரவல் வாங்கிப் போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.

போன மழைக்காலத்தில் என் செம்மறி மந்தைக்கு நீலநாக்கு நோய் வந்தது. மந்தைக்கு முன்னால் நடக்கிற சீனிக்கிடாவின் நாக்கு நாவற்பழ நிறமாகிவிட்டது. டாக்டர் ஜீப்பில் வந்து அதன் வாயைத் திறந்து பார்த்தார்.

"அருமையான நாக்கு அண்ணாச்சி. ரெண்டே நாள்ல அனுப்பிடுதேன்."

சரி என்றேன். சாயங்காலம், கொசுவில் பாதி இருக்கும் பூச்சிகள் கூட்டமாக வந்து நாக்கைத் தூக்கிக்கொண்டு போயின. ஓர் இடத்தில் எடுத்ததை இன்னோர் இடத்தில் வைத்துவிட்டு, அங்கே இருப்பதை எடுத்து வருவது அந்தப் பூச்சிகளின் வழக்கம். விடிந்ததும் பார்த்தேன். கிடாவின் வாயில் டாக்டரின் நாக்கு இருந்தது. நுனியில் காபி சுட்ட தடம்.

முன்பெல்லாம் பொழுது சாயும்போது சீனிக்கிடா கரட்டு மேட்டின் மேல் நின்று ஒரு குரல் கொடுக்கும். மந்தை தானாகப் பட்டிக்கு வந்துவிடும். அன்றைக்கும் கொடுத்தது. "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சக விஞ்ஞானிகளே" என்று ஆரம்பித்தது. ஆடுகள் இருந்த இடத்திலேயே வரிசையாகப் படுத்து உறங்கிவிட்டன. நரி வந்து ஓரத்தில் கிடந்த குட்டியை இழுத்துப் போனது. அதன் பிறகு தினமும் பேச்சு, தினமும் ஒரு குட்டி. நரி நன்றியுரை வரைக்கும் காத்திருப்பதில்லை.

மந்தை கரைவதைப் பார்த்துவிட்டு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். வாசலில் ஜெபமணி என்ற உதவியாளன் இருந்தான்.

"உக்காருங்க அண்ணாச்சி. சார் கருத்தரங்கத்துல பேசிட்டு இருக்காரு."

உள்ளேயிருந்து "ம்மே" என்று என் கிடாவின் குரல் கேட்டது. கை தட்டினார்கள். மறுபடியும் "ம்மே". எழுந்து நின்று தட்டினார்கள்.

"முன்னால சார் பேசுனா பாதிப் பேர் டீ குடிக்கப் போயிருவாங்க. இப்ப ஒரு ஆள் நகரலை பாத்தீங்களா" என்றான் ஜெபமணி.

"அது எங்க கிடா நாக்குடே."

"தெரியும். கட்டுரைக்கு அடியில நன்றி போட்டிருக்காவ."

"எனக்கா?"

"பூச்சிக்கு."

டாக்டர் வெளியே வந்ததும் நாக்கைக் கேட்டேன். "ம்மே" என்றார். ஆடுகளோடு கிடந்தவனுக்கு அது புரியாதா? அடுத்த மாதம் தருகிறாராம்.

அடுத்த மாதம் ஜீப் மட்டும் சொன்னபடி வந்தது. இயக்குநர் பதவிக்கு, மந்திரி முன்னால் ஒரு மணி நேரம் ஒன்றுமே சொல்லாமல் பேசத் தெரிந்தவர் வேண்டுமாம். சீனிக்கிடாவுக்கு மாலை போட்டு முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். மந்தைக்கு ஆள் குறைகிறதே என்றேன். பின் சீட்டிலிருந்து டாக்டரை இறக்கிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் டாக்டர் கரட்டின் மேல் ஏறி ஒரே ஒரு குரல் கொடுத்தார். மந்தை முழுதும் பட்டிக்கு வந்து சேர்ந்தது. நரி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

அதற்காகக் கடனை விடுகிறவன் நான் இல்லை. தினமும் தழை போடும்போது கேட்கிறேன்.

"டாக்டரய்யா, நாக்கு எப்போ வரும்?"

மென்றபடியே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தை மாதம் மயிர் கத்தரிக்க ஆள் வருகிறது. அவரையும் சேர்த்தே எண்ணிச் சொல்லியிருக்கிறேன்.