சின்ன கேரியர்

கூரியர்காரன் சாயங்காலம் வந்துவிடுவான். அதற்குள் வரவழைத்த இரண்டு சைக்கிள் கேரியர்களில் ஒன்றைத் திருப்பி அனுப்பக் கட்டிவைக்க வேண்டும். மசூது காலையிலிருந்து முன்னறையில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவைத்து, இரண்டு கேரியர்களையும் மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஜைனப் அடுக்களை வாசலில் நின்று அதையே பார்த்தாள். சின்னது சீட்டுத் தண்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நீண்டிருக்கும். பெரியது இரும்பு, பின் சக்கரத்து அச்சில் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நிற்கும், பக்கத்துக்கு ஒரு பை மாட்டலாம், மேலே படுக்க ஒரு கூடாரத்தைச் சுருட்டிக் கட்டலாம். சைக்கிளைப் பற்றி ஜைனபுக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனால் இது மட்டும் தெரிந்தது. சின்னதைப் பூட்டிக்கொண்டு போனால் மனுஷன் நாலு நாளில் அழுக்குத் துணியோடு வீடு வந்து சேருவார். பெரியதைப் பூட்டினால் வரமாட்டார்.

சவூதியில், தம்மாமில் பார்த்த வேலையை முடித்துக்கொண்டு அவர் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. கல்யாணம் ஆனதிலிருந்து எப்போதாவது வருவார், இரண்டு மாசம் இருப்பார், போய்விடுவார். விருந்தும் குற்றாலக் குளியலுமாக அந்த இரண்டு மாசம் ஓடிவிடும், சண்டை போடக்கூட நேரம் இருக்காது. இப்போது நேரம் கொட்டிக் கிடந்தது, ஆனால் சண்டைகூட வரவில்லை. என்ன பேசுவதென்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பள்ளிவாசலில் பார்க்கிறவர்கள் இன்னும் "எப்பம் பயணம்?" என்றுதான் கேட்டார்கள். கொஞ்ச நாள் சிரித்துச் சமாளித்தார், அப்புறம் தொழுகையை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். சொந்த வீட்டு ஃப்ரிட்ஜைத் திறக்க மனுஷனுக்குக் கூச்சம்! ஒரு டம்ளர் தண்ணீருக்கு விருந்தாளியாட்டம் கேட்டுக்கொண்டு நிற்பார். அதைப் பார்க்கையில் ஜைனபுக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வரும்.

அப்புறம்தான் இந்த சைக்கிள் வந்தது. முதலில் இலத்தூர் வரை போனார். பிறகு குற்றாலம், செங்கோட்டை, மேக்கரை என்று தூரம் கூடிக்கொண்டே போனது. சாரலில் நனைந்து வந்து அன்றைக்கு ஒருநாள் தானாகச் சிரித்தார். கடையநல்லூரில் கட்டிக்கொடுத்த மகள் ஷஹானா போனில், "வாப்பாக்கு கிறுக்கு புடிச்சிட்டாம்மா?" என்று கேட்டாள். இப்போது மலையை ஒட்டிய காட்டுப் பாதைகளிலேயே வடக்கே போகப்போகிறாராம். எதுவரைக்கும் என்று கேட்டால் "பாப்போம்" என்றார். எப்போது வருவீர்கள் என்றதற்கும் "பாப்போம்" என்றார்.

"எதுங்க நல்லாருக்கு?" என்று ஜைனப் கேட்டாள்.

"அதான் ஒண்ணும் புரியமாட்டேங்கு. கல்லுப் பாதையில சின்னது ஆடும், வெயிட்டு தாங்காது. பெரிசு ஒடஞ்சாலும் எந்த ஊர்லயும் வெல்டிங் வச்சுக்கிடலாம். ஆனா சும்மா இருக்கையிலயே கனக்கு."

"நாலு துணிதான? சின்னதே போதும்லா."

மசூது ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சாமான நீயே எடுத்து வையி. சின்னது தாங்குச்சுன்னா சின்னதே வச்சுக்கிடுதேன்."

முடிவு தன் கைக்கே வந்துவிட்டதில் அத்தனை சந்தோஷம் ஜைனபுக்கு.

அவர் பெட்டியை எப்போதும் அவள்தான் கட்டுவாள், வேறு யாரையும் தொட விட்டதில்லை. பையில் இரண்டு கைலி, இரண்டு சட்டை எடுத்து வைத்தாள். மழைக்கு ஜெர்கின். காட்டில் குளிருமே என்று ஸ்வெட்டர். தொழுகைக்கு விரிக்க முசல்லா, தைலம், சுகர் மாத்திரை. வழியில் என்னத்தைத் தின்பார் என்று கிலோக் கணக்கில் பருப்புப் பொடியும், மாசிக் கருவாடும், நார்த்தங்காய் ஊறுகாயும். ஊறுகாய் பாட்டில் மூடிக்கு பாலிதீன் சுற்றி ரப்பர் போட்டு, உடையாமல் இருக்கக் கைலிக்கு நடுவில் சுருட்டினாள். இந்த ஒரு வருஷத்தில் அவருக்காக என்ன செய்வதென்று அவள் கைக்குத் தெரிந்தது இப்போதுதான். பையைக் கயிறு போட்டு இறுக்கி, மார்க்கர் பேனாவால் மேலே 'மசூது, தென்காசி' என்று எழுதியும் விட்டாள்.

மசூது, கல்ஃபிலிருந்து கொண்டுவந்த கொக்கித் தராசைப் பையில் மாட்டித் தூக்கினார். எண்ணைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். சின்ன கேரியர் தாங்குவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

அப்போதுதான் ஜைனபுக்கு உறைத்தது. "மாசிய எடுத்துருதேன். ஸ்வெட்டரு எதுக்கு, அதும் வேண்டாம்" என்று உட்கார்ந்து அவிழ்க்கப் பார்த்தாள். அவளே போட்ட முடிச்சு நகத்துக்கு அசையவில்லை.

"இருக்கட்டும் ஜைனபு. பாத்துப் பாத்து கட்டிருக்க" என்று மசூது அவள் கையை விலக்கினார். அவர் முகம் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவு அவளுக்குத் தெரிந்ததுதான். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் உள்ளே போனபிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து திரும்பிப் பார்க்கும்போது வரும். இவளே தன்னை அனுப்பிவைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் போல.

'போவாதிய' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பயணம் புறப்படுகிறவரிடம் அதைச் சொல்லக்கூடாது என்று புகுந்த வீட்டில் முதல் பயணத்தின்போதே மாமியார் அவள் வாயைப் பொத்தியிருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடச் சொல்லிப் பழகாத வார்த்தை இன்றைக்கும் வெளியே வரவில்லை.

மசூது பெரிய கேரியரை நட்டு போட்டு முடுக்க ஆரம்பித்தார். ஜைனப் சின்னதை அது வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்து ஒட்டினாள். ஒட்டி முடிக்கவும் வாசலில் மணி அடித்தது.

"ரிட்டன் ஐட்டம் இதானக்கா?" கூரியர்காரன் போனில் எதையோ தட்டினான். "காரணம் ஒண்ணு போடணும். ஒடஞ்சிருக்கா, சைஸ் பத்தலையா?"

"ஒண்ணும் கொறையில்ல. நல்லாத்தான் இருக்கு."

"அப்படியொரு காரணம் இதுல இல்லியேக்கா."

உள்ளே ஸ்பேனர் சுற்றுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. கூடவே மசூது ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தார். அவர் பாடுவார் என்பதே ஜைனபுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"சரி, வேண்டாம்னு போட்டுக்கிடுதேன்" என்று கூரியர்காரன் பெட்டியைப் பிடித்து இழுத்தான். அது வரவில்லை. இன்னொரு தரம் இழுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"விடுங்கக்கா" என்றான்.