உருமாற்றம்: ஓர் எடுத்துக்காட்டு

அகராதி அலுவலகத்தின் உதவி ஆசிரியர் திங்கட்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு அலமாரியானார். இரண்டு கதவு, நல்ல தேக்கு, ஐந்தரை அடி. அவருடைய உயரமும் அதுதான். 'உருமாற்றம்' என்ற சொல்லுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது அது நடந்தது. சொல்லின் பிறப்பு தொல்லை தரவில்லை. உரு என்றால் வடிவம்; மாற்றம் 'மாறு' என்ற வினையிலிருந்து வந்தது; பழைய நூல்களில் அதற்குச் 'சொல்' என்றும் பொருள் உண்டு என அடியில் குறித்திருந்தார். எடுத்துக்காட்டுதான் அகப்படவில்லை. யாராவது பேசிக் காதில் விழுந்த வாக்கியம் மட்டுமே செல்லும், கேட்டு வாங்கியது செல்லாது என்பது அந்த அலுவலகத்தின் விதி. அந்தச் சொல்லையோ யாரும் வாயால் சொல்வதில்லை. 'ஆளே மாறிட்டான்' என்பதோடு சரி. பதினோரு நாள் பேருந்திலும் முடிதிருத்தகத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், கடைசியில் தானே ஒன்றைப் புனைந்தார்: 'அவர் அலமாரியாக உருமாற்றம் அடைந்தார்.' முற்றுப்புள்ளி வைத்ததும் வாக்கியம் உண்மையாகிவிட்டது.

தலைமை ஆசிரியருக்குக் காரணம் உடனே புரிந்தது. அழிக்கத் துணிவில்லை, வரியோடு ஆளும் போய்விடலாம். காதில் விழுந்த வேறொரு வாக்கியத்தை முதலில் எழுத வேண்டும், அதுவும் வெள்ளி நான்கு மணிக்குள். அதன்பின் பக்கம் அச்சேறிவிடும், அலமாரி அலமாரிதான்.

உதவி ஆசிரியரின் மனைவி தினமும் காலையில் வந்து மாலை வரை இருந்தார். துடைத்தார், கரையான் மருந்து தெளித்தார், உள்ளே கோப்பு வைக்க வந்தவரை விரட்டினார். "வீட்டுலயும் இப்படித்தான், வாயைத் திறக்க மாட்டார்" என்று சிரித்துவிட்டு, கதவில் நெற்றியை வைத்து வெகுநேரம் நின்றார். கதவு இளஞ்சூடாக இருந்தது. தலைமை ஆசிரியர் பென்சிலோடு பக்கத்திலேயே இருந்தார். விஷயத்தைச் சொன்னால் கேட்டு வாங்கியதாகிவிடும் என்பதால் வெயிலைப் பற்றிப் பேசினார். 'இப்படி ஆயிட்டாரே' என்றார் மனைவி, 'மரமாயிட்டாரே' என்றார். சொல் மட்டும் வரவில்லை.

வெள்ளி மூன்றே முக்காலுக்கு எழுத்தர் விடுப்புப் படிவத்தோடு வந்தார்.

"அக்கா, அஞ்சு நாளாச்சு. காரணம் போடாம மேல அனுப்ப முடியாது. காய்ச்சல்னு போட்டுடவா?"

"இல்லாத வியாதி எதுக்குங்க? உள்ளதைப் போடுங்க."

"ஆளு மாறிட்டாருன்னு எழுத முடியுமா?"

"படிவத்துக்குத் தகுந்த மாதிரி எழுதத் தெரியாதா? உருமாற்றம்னு போடுங்க!"

தலைமை ஆசிரியர் அதை அப்படியே சீட்டில் எழுதினார், தேதியும் மணியும் இட்டார், பழைய வரியை அழித்தார். அலமாரி இருமியது. அந்த இடத்தில் உதவி ஆசிரியர் நின்றார், கரையான் மருந்து வாசனையோடு. மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார், சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார், பிறகுதான் அழுதார். பக்கம் நேரத்துக்கு அச்சுக்குப் போனது.

விடுப்பு ஏற்கப்பட்டது. படிவத்தின் அச்சிட்ட காரணங்களில், காய்ச்சலுக்கும் திருமணத்துக்கும் நடுவே, அதுவும் சேர்ந்தது. அடுத்த ஆண்டு அதன்பேரில் இருவர் விடுப்பு எடுத்தார்கள். இருவரும் சொன்ன தேதிக்கு வேலைக்கு வந்துவிட்டார்கள்.