ஏரிக்கரைத் தலைவலி

எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு ஏரிக்குப் போனால் தலைவலி வரும். ஆண்களுக்கு வராது. ஒவ்வொரு கோடையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எல்லோரையும் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போவான். கோழி சுடுவான், பாட்டை அலறவிடுவான், தொப்பையைத் தள்ளிக்கொண்டு தண்ணீரில் குதிப்பான். எங்களில் யாருக்கு அந்த நாளோ, அவள் 'தலைவலி' என்று சொல்லிவிட்டுக் கரையில் பைகளுக்குக் காவலாக உட்கார வேண்டும். அம்மா காலத்து ஏற்பாடு. அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். மாத்திரை வேண்டுமா என்று அண்ணன் மட்டும் கேட்பான், பாவம்.

எனக்கென்று பார்த்து, வருஷா வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வந்து தொலையும். ஒரே ஒரு முறை தப்பித்தேன், அன்றைக்கு இடியும் மழையும். "உன் தலைவலி மட்டும் எப்படி கரெக்டா வந்துடுது? அதுக்கும் உங்கண்ணன் வேன்ல சீட்டு போட்டுட்டாரா?" என்பாள் அண்ணி. நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு எரியும்.

எனக்கு நீந்தத் தெரியும். அண்ணனைவிட நன்றாகவே தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். வேலை பார்ப்பது ஒரு ஓட்டலின் சலவை அறையில். பேருக்குக்கூட ஒரு ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க ஆவி முகத்தில் அடிக்க, படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது அந்த ஏரி கண்ணுக்குள் வந்து நிற்கும். கழுத்து வரைக்கும் குளிர்ந்த தண்ணீர், பக்கத்தில் என் மகள். என் ஆசை அவ்வளவுதான். நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா? அதுவும் வாய்க்கவில்லை.

மகளை வீட்டில் நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். கோடை முடிந்ததும் கடல் தாண்டிப் படிக்கப் போகிறாள். படிப்பு முடிய வருஷக்கணக்காகும். அதற்குப் பிறகு அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம், ஏரிக்கு வர அவளுக்கு எங்கே நேரம்? இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை. வெள்ளிக்கிழமை இஸ்திரிக்கு முன்னால் நிற்கும்போதே அடிவயிறு சொல்லிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மடிப்பு மேசைக்காரப் பெண்ணை நாங்கள் வாயாடி என்போம். "என்னக்கா, மூஞ்சி தொங்குது?" என்றாள். சொன்னேன்.

"அடச்சே, இதுக்கா? ஊர்ல இருக்கறவங்க ரத்தக் கறைய எல்லாம் பச்சத் தண்ணியில அலசி எடுக்கறீங்க. உங்க ரத்தத்துக்கு மட்டும் இவ்வளவு பயமா?" என்று தன் பையிலிருந்து இரண்டு டாம்பானை எடுத்து என் கையில் திணித்தாள். உள்ளே வைத்துக்கொள்கிற பஞ்சு, நூல் மட்டும் வெளியே இருக்கும். "மூச்ச நல்லா இழுத்து விடுங்க. உடம்ப இறுக்காதீங்க. அப்புறம் ஜாலியா நீந்துங்க, ஒருத்தருக்கும் தெரியாது."

ஏரிக்கரையில் உடை மாற்றும் அறை என்று ஒன்று உண்டு. நாலு பலகையும் ஒரு கதவும், தாழ்ப்பாள் பாதிதான் விழும். முதல் பஞ்சைப் பிரித்து, மூச்சை இழுத்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணி கதவைத் தட்டினாள். "உள்ள என்ன, குடித்தனமா நடத்தறீங்க?" பஞ்சு கை நழுவி, சேற்றுத் தரையில் விழுந்தது. மிச்சம் ஒன்று. அதைப் பிரிக்காமல் கைக்குள் பொத்திக்கொண்டு, கூட்டம் குறையட்டும் என்று வெளியே வந்தேன்.

கரையில் பைகளுக்கு நடுவே, முழுக்கால் சட்டையோடு நெட்டை உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, இறங்கலையா?"

"தலைவலிம்மா." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அவள்மேல் இல்லை. இந்தப் பொய்யை நான் அவளுக்குச் சொல்லித் தரவே இல்லை, பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். கையைப் பிடித்து வேனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். உள்ளங்கையைத் திறந்து காட்டினேன்.

"எனக்கும் அதேதான். இது ஒண்ணுதான் இருக்கு. நீ வச்சுக்க, போ."

அவள் வாயைப் பிளந்தாள். "ஐயோ அம்மா! உன் கையில இதா? என் அலமாரியில ஒரு டப்பா நிறைய இருக்கும்மா. ஸ்கூல்ல நீச்சல் இருக்கறப்ப எல்லாம் இதான். அடுத்த வாரந்தானே வரும்னு இன்னிக்கு எடுத்துட்டு வரல."

வீட்டில் ஒரு டப்பா இருக்க, நான் வாயாடியிடம் இரண்டுக்குக் கை நீட்டியிருக்கிறேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேடி."

"நீ சொன்னியா?"

அவளே மண்ணைக் காலால் கீறிக்கொண்டு சொன்னாள்: "சின்ன வயசுல நான் என்ன நெனப்பேன் தெரியுமா? அம்மாவுக்கு என்கூட வெளையாட இஷ்டமில்ல, அதான் தலைவலின்னு சொல்றாங்கன்னு நெனப்பேன்."

"அடிப்பாவி, அப்படியெல்லாம் இல்லடி" என்றேன். வேறென்ன சொல்ல?

"அப்ப நீ இறங்கு. நான் பாக்கணும்."

தாயானவள் இந்த இடத்தில் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பார்கள். ஒரு தரம் கொடுத்துப் பார்த்தேன், அவள் வாங்கவில்லை. இரண்டாம் தரம் நான் நீட்டவில்லை. ஆசை வெட்கமறியாது என்பது சும்மாவா? நேரே அந்தப் பலகை அறைக்குள் போனேன். நெட்டை வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "அவசரமே இல்ல. மூச்சு விடும்மா" என்று நடுநடுவே அவள் குரல் வந்தது.

அண்ணி மறுபடியும் வந்து, "இப்ப யாரு உள்ள?" என்றாள்.

"அம்மாதான் அத்தை. பீரியட்ஸ். டாம்பான் வைக்கறாங்க, கொஞ்சம் லேட்டாகும்."

போச்சுடா என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. "அப்படியா? சரி சரி, நிதானமா வரச் சொல்லு" என்றாள் அண்ணி. அடுப்பருகே இருந்த அண்ணன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். வெந்த கோழியையே மறுபடி மறுபடி திருப்பிக்கொண்டிருந்தான்.

தண்ணீரில் இறங்கினேன். கணுக்கால், முழங்கால், இடுப்பு. ஐஸ் மாதிரி இருந்தது. சலவை அறைச் சூடெல்லாம் முதுகிலிருந்து கழன்று போவது தெரிந்தது. முகத்தை முக்கி, கைகளை வீசி, அண்ணனின் பிள்ளைகளைத் தாண்டி நீந்தினேன். என் உடம்பு எதையும் மறந்திருக்கவில்லை. தனியாகச் சிரித்தேன், யார் பார்த்தால் என்ன?

ஆழம் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். எல்லோருடைய துண்டுகளையும் மடியில் குவித்துக்கொண்டு நெட்டை கரையில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு உயரமான பெண், அங்கிருந்து பார்த்தால் பொடிசு. கையை ஆட்டினாள். நான் நினைத்ததைவிடத் தண்ணீர் நன்றாக இருந்தது, பக்கத்தில்தான் யாரும் இல்லை.

சின்ன வயதில் இதே தண்ணீரில் நின்றுகொண்டு அவள் தொண்டை கிழிய என்னைக் கூப்பிடுவாள். நான் கரையிலிருந்து நெற்றியைத் தொட்டுக் காட்டுவேன். அவள் மறுபடியும் கூப்பிடுவாள். வரமாட்டேன் என்று தெரிந்தும் இந்தப் பிள்ளை ஏன் இப்படிக் கத்துகிறது என்று எனக்கு எரிச்சலாக வரும்.

வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பினேன். "நெட்டை, நீயும் வாடி!" என்று கத்தினேன். அவளால் வர முடியாது என்று எனக்குத் தெரியும். மறுபடியும் கத்தினேன்.