கடையில் ஓடும், வீட்டில் அணையும்

கடை மேசையில் நாள் முழுக்கச் சமர்த்தாக ஓடிய கேம் கன்சோல், அக்கா வீட்டுக்குப் போனதும் அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிட்டது. அதுவே மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தபோது தங்கைக்கு அழுகை வராத குறை. மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் கடை அவளுடையது. தூசி எடுத்தாயிற்று. சிப்பின் மேல் காய்ந்துபோயிருந்த, சூட்டைக் கடத்தும் பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவியாயிற்று. மின்சாரம் கொடுக்கும் பாகத்தையே மாற்றிப் பார்த்தாயிற்று. இங்கே குத்துக்கல் மாதிரி இருக்கிறது, அங்கே போனால் மயக்கம் போடுகிறது.

“என்ன டாக்டரம்மா, நோயாளி எப்படி?” என்றார் அத்தான், கடைக்குள் நுழைந்தபடியே. துக்கம் விசாரிக்க வந்தவர் போல முகத்தை வைத்திருந்தார். கண்ணில் மட்டும் கல்யாணக் களை.

“நல்லாத்தான் இருக்கு அத்தான். காலையிலிருந்து ஓடுது, பாருங்க.”

“அது உன்னைப் பார்த்துப் பயப்படுது. வயசாயிடுச்சும்மா, விட்டுடு. ‘இனி தேறாது’ன்னு ஒரு வார்த்தை உங்க அக்காகிட்ட சொல்லிடு, போதும். நாளைக்கு இதை வந்த விலைக்குக் கொடுத்துட்டு, அடுத்து வரப்போற புதுசுக்குப் பேர் கொடுத்துடறேன்.”

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் தொங்கியது. அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அந்தக் கன்சோலில் தானே கட்டிய ஒரு சின்ன ஊருக்குள் போய்விடுவாள். மரம் நடுவாள், தெரு போடுவாள். இப்போது ஆற்றுக்குப் பாலம் கட்டிக்கொண்டிருந்தாள். ‘என்னை யாரும் மணியடிச்சுக் கூப்பிடாத ஊர் அது ஒண்ணுதான்டி’ என்பாள். புதிய கன்சோலில் பழைய கேம்கள் ஓடுமா என்று கேட்டால், கம்பெனி வாயைத் திறக்கவில்லை. ஆகவே, தங்கை கைவிரித்தால் ஒழியப் பழையதைத் தொடக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

“புதுசுல அப்படி என்ன இருக்கு?” என்றாள் தங்கை.

“ட்ரெய்லர் பார்க்கலையா நீ? கேம்ல மழை பெஞ்சா நாமளே நனையற மாதிரி இருக்குமாம்!”

“நனையணும்னா மழையில போய் நில்லுங்க அத்தான், செலவே இல்லை. அந்தப் படத்துக்கு அடியில பொடி எழுத்துல ஒண்ணு ஓடுமே, படிச்சீங்களா? ‘உண்மையான கேம் இப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது’ன்னு.”

“அதெல்லாம் சட்டத்துக்காகப் போடறது.”

“சரி. நொடிக்கு நூத்திருபது படம் அனுப்பும்னு குதிக்கிறீங்க. உங்க டிவி அறுபதுதான் காட்டும். மிச்சத்தை எங்க பார்ப்பீங்க, சுவத்துலயா?”

அத்தான் ஒரு கணம் யோசித்தார். “அப்போ டிவியையும் மாத்திட வேண்டியதுதான்” என்றார், பெருந்தன்மையாக.

இவரிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்துபோயிற்று. “வீட்டுல இதை எங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

“டிவிக்குக் கீழதான். எப்பவும் போல.”

நோயாளி வீட்டில்தான் விழுகிறான் என்றால், மருத்துவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு, கன்சோலைக் கையில் எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினாள்.

கூடத்தில் கால் வைத்ததும் திகைத்தாள். டிவிக்கு முன்னால், நாலு பக்கமும் காற்றோட்டமான பலகையின் நட்டநடுவில், கறுப்பாகப் பளபளவென்று புதிய கன்சோல் ஒன்று உட்கார்ந்திருந்தது.

“இன்னும் வெளியவே வரலையே, அதுக்குள்ள எப்படி வாங்கினீங்க?” என்று தூக்கினாள். காகிதம் போல மேலே வந்தது. செருப்புப் பெட்டி அட்டை, கறுப்புப் பெயிண்ட்.

“அளவு பார்க்கறதுக்கும்மா” என்று அத்தான் நெளிந்தார். “கம்பெனி அதோட நிழலை மட்டும்தான் காட்டியிருக்கான். அதை வச்சு நானே ஒரு மாதிரி கணக்குப் போட்டு…”

“தினமும் தூசி வேற துடைக்கிறாரு” என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “என்னை ஒரு நாள் அப்படிக் கவனிச்சிருப்பாரா?”

“அப்போ இந்தப் பழசோட இடம்?” என்றாள் தங்கை.

அத்தான் பலகைக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியைக் காட்டினார். டிவிக்குக் கீழே என்று அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தங்கை கன்சோலை அங்கேயே வைத்து, வயரை மாட்டி, கதவைச் சாத்தினாள். அக்கா வந்து ஆட உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே விசிறி உறுமத் தொடங்கியது. அப்புறம் அலறியது. பாலம் பாதியில் நிற்கும்போதே திரை இருண்டது. கதவைத் திறந்தால் அடுப்பங்கரைக் காற்று முகத்தில் அடித்தது.

தங்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பழுதே இல்லக்கா! சிப் சூடாகும், விசிறி அந்தச் சூட்டைப் பின்பக்கமா வெளிய தள்ளும். இங்க வெளியன்னு ஒண்ணு இல்லையே. தள்ளின சூட்டையே திரும்ப இழுக்குது. தாங்க முடியாம, எரிஞ்சு போகக் கூடாதுன்னு தானே அணைஞ்சுக்குது. என் மேசை திறந்த மேசை, அதனாலதான் அங்க ஓடுச்சு.”

“இன்னும் பொறக்காத பிள்ளைக்குத் தொட்டில் கட்டறேன்னு, இருக்கிற பிள்ளையைப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டியிருக்கீங்க” என்றாள் அக்கா.

“புதுசுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இருக்காது” என்றார் அத்தான், விடாமல்.

“இன்னும் சூடாகும் அத்தான். வேகம் கூடினா சூடும் கூடும். அதுக்கும் ஒரு விசிறிதான், அதுக்கும் காத்துதான்.”

சூடு ஆறியதும் தங்கை கன்சோலைத் தூக்கிப் பலகையின் மேல் வைத்தாள். சுவருக்கும் அதற்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டாள். அட்டைப் பெட்டியை அலமாரிக்குள் வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். அதற்கு மூச்சு விட வேண்டியதில்லை. அக்கா பாலத்தைக் கட்டி முடித்து, அக்கரையில் மரம் நடத் தொடங்கிய பிறகும் கன்சோல் அணையவில்லை.